வாசிப்புத் தூதரின் சகலை

சகலைக்கு ஜீப் வந்த அன்றைக்கு வாத்தியாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று மனைவியிடம் சொன்னார். வயிறுதான், ஆனால் மருந்துக் கடைக்குப் போனால் தீருகிற சங்கதி இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஜீப்பில் ஏறிப் போனது அவளுடைய அக்கா புருஷன்.

அக்காளைக் கட்டியவரும் தங்கையைக் கட்டியவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார்கள். சகலைக்கு ஒன்றாம் இரண்டாம் வகுப்புகள், வாத்தியாருக்கு மூன்றாம் வகுப்பு. இரண்டு அறைக்கும் நடுவே ஒரு மரத்தடுப்பு உண்டு. அது கூரைவரை போகாமல் பாதியில் நின்றுவிட்டதால் இவர் தும்முவது அவருக்குக் கேட்கும், அவர் கொட்டாவி விடுவது இவருக்குக் கேட்கும். பத்துப் பொருத்தம் பார்த்து வைத்த மாதிரி ஒருவர் கண் முன்னாலேயே இன்னொருவர் இருந்தாக வேண்டிய ஏற்பாடு.

வாத்தியார் இலக்கணம் முறையாகப் படித்தவர். சுவரொட்டியில் ஒற்றுப்பிழையைக் கண்டால் மழையில் நனைந்தாலும் நின்று திட்டிவிட்டுத்தான் நகர்வார். பிள்ளைகள் எழுத்துக் கூட்டித் தடுமாறும்போதும் அதே கோபம் வரும். கோபம் வந்தால் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள். வாயை மூடிக்கொண்ட பிள்ளை எப்படிப் படிக்கும் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. விதை சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

சகலைக்கு அந்தக் கோபமெல்லாம் கிடையாது. அவர் படிக்கிற முறையே தனி. வார்த்தையின் முதல் இரண்டெழுத்தைப் பார்ப்பார், மிச்சத்தை ஊகித்துக்கொள்வார். துறையிலிருந்து வருகிற சுற்றறிக்கைகள் வருஷம் முழுக்க ஒரே சேதியைச் சொன்னதால் அவருடைய ஊகம் தப்பியதே இல்லை. அப்படியே பாதிச் சர்வீஸை ஓட்டிவிட்டார்.

அந்த வருஷம் வெளியாட்கள் சிலர் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் இரண்டாம் வகுப்புப் பாடத்தைக்கூடப் படிக்கத் தெரியாமல் விழித்தார்கள் என்று பத்திரிகையில் வந்துவிட்டது. துறை ஆடிப்போனது. எல்லா ஆசிரியர்களையும் ஒரு கல்யாண மண்டபம் மாதிரியான கூடத்தில் கூட்டி, கல்வி அதிகாரி பேசினார். அதிகாரியம்மா நிதானமான மனுஷி, குரலை உயர்த்த மாட்டார்.

"பிள்ளைங்களைப் படிக்கச் சொன்னதாலதானே படிக்கத் தெரியலைன்னு தெரிஞ்சுது? இத்தனை வருஷமா நாம யாரையும் படிக்கச் சொன்னதில்ல. ஒரு புகாராவது வந்திருக்கா?"

கூடம் முழுக்கத் தலையாட்டியது. இனிமேல் துறை வாசிப்பை அளக்காது, வாசிப்புச் சூழலை அளக்கும் என்று அவர் அறிவித்தார். பிள்ளை படிக்கிறதா இல்லையா என்பது பிள்ளைக்கும் புத்தகத்துக்கும் இடையில் உள்ள சொந்த விஷயம், அதில் அரசாங்கம் தலையிடுவது நாகரிகமில்லை என்றும் சொன்னார். இந்த முயற்சிக்கு வாசிப்புப் பேரியக்கம் என்று பெயர் வைத்தார்கள். சிறந்த வகுப்பை உருவாக்குகிறவருக்கு வாசிப்புத் தூதர் பதவி. தோளில் குறுக்கே போட்டுக்கொள்ள நீலப் பட்டை, போய்வர ஜீப்.

வாத்தியாருக்கு அப்போதே அந்த ஜீப் தன் வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி தெரிந்தது. தமிழ் தெரிந்தவனுக்குத்தானே வாசிப்புத் தூதர் பதவி? வேறு யாருக்குக் கொடுப்பார்கள்?

ஆய்வுக்கு வந்த அன்று அதிகாரியம்மா முதலில் சகலையின் அறைக்குப் போனார். அங்கே தெர்மாகோலில் ஒரு மரம் நின்றது. கிளைக்குக் கிளை பச்சைக் காகித இலை, உச்சியில் பஞ்சு வைத்த குருவி. மரத்தடியில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து புத்தகத்தை விரித்துப் பிடித்திருந்தார்கள். சத்தமில்லை. கூட வந்த உதவியாளர் கோணமானியை வைத்துப் புத்தகம் பிடித்திருக்கிற சாய்வை அளந்தார். கண்மணிகள் இடமிருந்து வலமாகப் போகின்றனவா என்று இன்னொருவர் குனிந்து பார்த்தார். ஒரு சின்னப் பெண் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். சொந்தமாக யோசிக்கிற பிள்ளை என்று அதிகாரியம்மா அவள் கன்னத்தைத் தட்டினார். அவள் வாத்தியாருடைய மகள். இரண்டாம் வகுப்பு.

தடுப்புக்கு இந்தப் பக்கம் வாத்தியாருக்கு எல்லாம் காதில் விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பாராட்டுக்கும் நெஞ்சில் ஒரு முள் ஏறியது. தன் முறை வந்தபோது தன் வகுப்பின் சூட்டிகையான பிள்ளையை எழுப்பி வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். மரம் என்ன மரம், இங்கே நிஜமாகவே படிக்கிறார்கள் என்று காட்டிவிட நினைத்தார். பிள்ளை எழுந்து நடுங்கிக்கொண்டே படித்தது. மலை பெய்தது, குடை நனைந்தது. அதிகாரியம்மா பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

ஒரு பிழைக்காக மதிப்பெண் குறைப்பதா என்று வாத்தியார் மெல்லக் கேட்டுப்பார்த்தார். பக்கத்து வகுப்பில் ஒரு பிழைகூட இல்லையே என்றார் அவர்.

"அங்க யாரும் படிக்கலையே மேடம்."

"நானும் அதைத்தான் சொல்றேன். படிக்காத பிள்ளை தப்பா படிக்காது."

இப்படித்தான் சகலைக்கு ஜீப் வந்தது. நல்ல ஆசிரியரை வகுப்பிலேயே விட்டுவைப்பது அவருக்குச் செய்கிற அவமரியாதை என்பது அந்தத் துறையின் கொள்கை. ஆகவே தூதரானவர் இனிமேல் வகுப்புப் பக்கமே வர வேண்டியதில்லை. அவருடைய பிள்ளைகளைத் தடுப்பைக் கழற்றிவிட்டு வாத்தியாரிடம் தள்ளினார்கள். மூன்று வகுப்பும் ஒரே கூடத்தில் நெருக்கியடித்தன. சொந்த மகளும் கண்ணெதிரே வந்து உட்கார்ந்தாள். வாத்தியார் அவளைப் படிக்கச் சொன்னார். அவள் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை ஊகித்தாள். யாரிடம் படித்த வித்தை என்று அவருக்குப் புரிந்தது. கத்தினார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். மனைவி ஒன்றும் குத்திக் காட்டுகிறவள் இல்லை. அக்கா சொன்னதை அப்படியே வந்து சொல்வாள், அவ்வளவுதான்.

"மாமாவுக்கு ஜீப்ல முன்சீட்டாம். டிரைவரே கதவைத் திறந்துவிடறானாம்."

"கதவு கோளாறா இருக்கும். வெளியிலிருந்துதான் திறக்க வரும்போல."

"பட்டையைத் தோய்ச்சா சாயம் போயிடும்னு அக்கா ஈரத்துணியால துடைச்சு வைக்கறாளாம்."

வாத்தியார் எழுந்து கொல்லைப்பக்கம் போய்க் கையைக் கழுவிக்கொண்டார். கழுவுவதற்குக் கையில் ஒன்றுமில்லை.

சில மாதங்களில் பேரியக்கத்தின் முதல் மாநாடு வந்தது. துறையின் இயக்குநரே நேரில் வருகிறார். வரவேற்புரை வாசிக்க வேண்டியது வாசிப்புத் தூதர். அன்று சாயங்காலம் சகலை நேராக வாத்தியார் வீட்டுக்கு வந்தார். வந்ததும் வழக்கம்போல நல்ல நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"சகல, ஒரு உதவி. எனக்கு எழுத வராது, அது உனக்கே தெரியும். இயக்குநர் மனசு குளிர்ற மாதிரி நீ எழுதிக் கொடு, நான் படிச்சிடறேன்."

வாத்தியார் மறுக்கவில்லை. மறுத்தால் பொறாமை என்று பேச்சு வரும். உட்கார்ந்து எழுதினார். முதலில் எழுதியது எளிமையாக, சின்னச் சின்ன வாக்கியமாகத்தான் இருந்தது. சகலை படித்துவிடக்கூடிய எழுத்து. நிமிர்ந்து பார்த்தார். சகலை நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். மார்பில் நீலப் பட்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மகள் ஓசைப்படாமல் வந்து பெரியப்பாவின் பட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்பாவைப் பார்த்தாள்.

அந்தப் பார்வைக்குப் பிறகு வாத்தியார் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொரு தாளை எடுத்தார். இந்தத் தடவை தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் இறக்கினார். மூச்சுவிட இடமில்லாத வாக்கியங்கள். ஒவ்வொரு பத்தியும் "எமக்கு எழுத்தறிவித்த பெருமகனே" என்று முடிந்தது. எழுதும்போதே அவருக்குத் தெரியும். சகலை எழுத்தறிவு என்கிற வார்த்தையைச் சுற்றறிக்கைகளில் மட்டுமே பார்த்திருக்கிறார். எழுத்தறிவற்றோர் கணக்கெடுப்பு, எழுத்தறிவற்றோர் விவரம், எழுத்தறிவற்றோர் பட்டியலை உடனே அனுப்பவும். பாதி வார்த்தையிலேயே அவருடைய கண் எங்கே தாவும் என்று, கூடவே வாழ்ந்தவருக்குத் தெரியாதா. சகலையை எழுப்பி, தாளை மடித்துக் கையில் கொடுத்தார்.

மாநாட்டில் சகலை கம்பீரமாக மைக் முன்னால் போய் நின்றார். முதல் பத்தியைத் தத்தித் தத்திக் கடந்து கரையேறினார். கடைசி வரியில் தெரிந்த வார்த்தையைப் பார்த்த சந்தோஷத்தில் குரலை உயர்த்தினார்.

"எமக்கு எழுத்தறிவற்ற பெருமகனே."

பத்தி முடிந்தால் கைதட்ட வேண்டும் என்று ஆசிரியர்களுக்கு முன்கூட்டியே உத்தரவு. தட்டினார்கள். கைதட்டல் கொடுத்த தைரியத்தில் சகலை அடுத்த பத்தியின் முடிவில் இன்னும் ஓங்கிச் சொன்னார். இன்னும் பலமாகத் தட்டினார்கள். இயக்குநரும் சிரித்த முகத்தோடு இரண்டு கையையும் குவித்துக்கொண்டிருந்தார். கடைசிப் பத்திக்கு வந்தபோது சகலை அவர் பக்கம் திரும்பி, கையை நீட்டி, அவரையே காட்டிச் சொன்னார். அப்போதுதான் உதவியாளர் குனிந்து இயக்குநரின் காதில் ஏதோ ஓதினார். குவிந்த கைகள் பிரிந்தன.

கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்து வாத்தியாரும் தட்டிக்கொண்டிருந்தார். உத்தரவு எல்லோருக்கும் பொது.

விசாரணை அன்றைக்கே நடந்தது. எழுதியதில் தப்பில்லை, படித்ததில்தான் தப்பு என்று முடிவானது. அதிகாரியம்மா தீர்ப்புச் சொன்னார்.

"படிக்கத் தெரியாத ஒருத்தரை வாசிப்புத் தூதரா வெச்சிருந்தா துறைக்கு அசிங்கம். யாரும் பார்க்காத இடமாப் பார்த்து அனுப்பணும். வகுப்பறைக்கே அனுப்பிடுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு எல்லாத்தையும் அவரே எடுக்கட்டும். படிக்கச் சொல்லிக் கொடுக்கற வேலைதானே, அதுக்குப் படிக்கத் தெரியணும்னு எந்த விதியும் இல்ல."

அடுத்து வாத்தியாரைக் கூப்பிட்டார்கள். குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று எண்ணி அவர் போய் நின்றார். அதிகாரியம்மா அந்த உரையைக் கையில் வைத்துக்கொண்டு, இத்தனை அழகாகத் தமிழ் எழுதுகிற மனிதர் இவ்வளவு நாளும் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வீணாய்ப் போயிருக்கிறாரே என்று உண்மையாகவே வருந்தினார். நீலப் பட்டையை எடுத்து நீட்டினார். அதில் சகலையின் வியர்வை இன்னும் காயவில்லை.

மறுநாள் ஜீப் வாத்தியார் வீட்டு வாசலில் நின்றது. தெருவே பார்த்தது. டிரைவர் வந்து கதவைத் திறந்துவிட்டார். கதவு உள்ளேயிருந்தும் நன்றாகத் திறக்கிற கதவுதான்.

வேலை ஒன்றும் கஷ்டமில்லை. ஜீப்பின் பின்பக்கம் ஒரு தகரப் பெட்டி நிறையப் புதுப் புத்தகங்கள் இருக்கும். ஒரு பள்ளியில் இறக்கி அடுக்குவார்கள், வாத்தியார் நாடாவை வெட்டி வாசிப்பு மூலையைத் திறந்துவைப்பார், படம் எடுப்பார்கள். பிறகு புத்தகங்களைத் துடைத்துப் பெட்டியில் ஏற்றி, நாடாவையும் முடிச்சுப் போட்டுக்கொண்டு அடுத்த பள்ளிக்குப் போவார்கள். ஒரு பள்ளியில் ஒரு பிள்ளை புத்தகத்தை எடுத்து உள்ளே பார்த்துவிட்டது. உதவியாளர் பதறிப்போய்ப் பிடுங்கினார். எல்லாப் பள்ளிக்கும் போக வேண்டிய புத்தகம், கைபட்டால் அழுக்காகிவிடாதா. வாத்தியார் வாசிப்பின் மேன்மை பற்றி நாள்தோறும் பேசினார். பேச்சில் ஒரு ஒற்றுப்பிழைகூட வராது.

கொஞ்ச நாள் ரொம்ப சந்தோஷமாக இருந்தார். சகலை தலையைக் குனிந்துகொண்டு தெரு ஓரமாகப் போவதை ஜீப்பிலிருந்து பார்க்கும்போது சாப்பாடு தானாக இறங்கியது. அக்கா வெளியில் வருவதையே நிறுத்திவிட்டாள் என்று மனைவி வந்து சொன்னபோது, பாவம் என்று வாயால் சொன்னார்.

பிறகு மகள் கதை சொல்ல ஆரம்பித்தாள்.

பெரியப்பா வகுப்பில் ஒரு விளையாட்டு நடக்கிறதாம். முதல் நாளே பெரியப்பா எல்லோரையும் உட்காரவைத்து, எனக்குச் சரியாகப் படிக்க வராது, ஊருக்கே தெரிந்துவிட்டது, உங்களுக்கும் வராது, சேர்ந்து படித்துப் பார்ப்போமா என்று கேட்டாராம். பெரியப்பா புத்தகத்தை எடுத்து வாய்விட்டுப் படிப்பாராம். எங்கேயாவது ஊகித்தால் பிள்ளைகள் பிடித்துவிட வேண்டும். பிடித்துவிட்டால் பெரியப்பா பெஞ்சின் மேல் ஏறி நிற்பார். பிடித்த பிள்ளை மேஜைக்கு வந்து அந்த வார்த்தையை எழுத்து எழுத்தாகச் சொல்லி அவரை இறக்கிவிட வேண்டும்.

"இன்னிக்குப் பெரியப்பாவை நான் ரெண்டு தடவை ஏத்திட்டேம்ப்பா."

"வெட்கங்கெட்ட மனுஷன்," என்றார் வாத்தியார்.

ஆனால் அந்தப் பேச்சு அவர் மனதை விட்டுப் போகவில்லை. தினமும் மகள் அதையே பேசினாள். சகலையைப் பெஞ்சில் ஏற்றிவிட வேண்டும் என்கிற ஆசையில் பிள்ளைகள் நாளைய பாடத்தை இன்றைக்கே வீட்டில் எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். பெரியவரும் விடவில்லை. தோற்கக்கூடாது என்று அவரும் வீட்டில் உட்கார்ந்து கூட்டிப் படித்தார். நாற்பது வருஷமாகத் தாவித் தாவிப் போன கண்ணை ஒவ்வொரு எழுத்தாக இழுத்து நிறுத்துவது லேசில்லை, இப்போதெல்லாம் அவருக்குத் தலைவலி என்று அக்கா வந்து சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பழைய துக்கம் இல்லை என்பதை வாத்தியார் கவனித்தார்.

ஒருநாள் ஜீப் கடைத்தெருவில் நெரிசலில் மாட்டிக்கொண்டது. முன்சீட்டில் உட்கார்ந்திருந்த வாத்தியார் கண்ணாடி வழியே பார்த்தார். பள்ளி விட்டு மகளும் சகலையும் கைகோத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். சலவைக் கடைப் பலகையின் முன்னால் மகள் நின்றாள். தலையை அண்ணாந்தாள். உதடு மெல்லப் பிரிந்தது, கூடியது, மறுபடி பிரிந்தது. முடித்ததும் ஒரு குதி குதித்தாள். சகலை அடுத்த கடையைக் காட்டினார். அதையும் படித்தாள். கண்ணாடி ஏற்றியிருந்ததால் வாத்தியாருக்கு ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. தன் மகள் முதன்முதலாகப் படிப்பதை அவர் இப்படித்தான் பார்த்தார், ஊமைப்படம் மாதிரி. கண்ணாடியை இறக்கப் போனார். அதற்குள் வழி கிடைத்து ஜீப் நகர்ந்துவிட்டது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பட்டையைக்கூடக் கழற்றாமல் மகளை உட்காரவைத்து, கையிலிருந்த தன் உரையையே நீட்டிப் படிக்கச் சொன்னார். அவள் படித்தாள். வாசிப்புப் பே... ரி... என்று நின்றாள். வாத்தியார் தன்னையறியாமல் "ம்" என்று உறுமினார். அவள் தாளைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீங்க தப்பா படிங்கப்பா. நான் பிடிக்கறேன்."

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். வேண்டுமென்றே ஒரு வார்த்தையை மாற்றிப் போட்டார். மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொய்யாத் தப்பு பண்றீங்க. பெரியப்பா நிஜமாவே தப்பா படிப்பாங்க."

எழுந்து விளையாடப் போய்விட்டாள். வாத்தியார் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். ஜீப்பின் மேல் பொறாமைப்பட்டது, பட்டையின் மேல் பொறாமைப்பட்டது எல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. ஒரு மனிதனுக்குத் தெரியாததைப் பார்த்து அவர் பொறாமைப்படுவது ஆயுளில் இதுதான் முதல் தடவை. அடித்துப் பிடித்தாலும் அந்தத் தெரியாமை அவருக்கு வராது.

வருஷக் கடைசியில் மறுபடி ஆய்வு வந்தது. இந்தத் தடவை மதிப்பெண் போட வேண்டியவர் வாசிப்புத் தூதர். வாத்தியார் தன் பழைய பள்ளிக்குப் போனபோது சகலை வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் பார்த்துவிட்டு அவரைச் சுவர் ஓரமாக அழைத்துப் போனார்.

"சகல, எனக்கு மார்க்கைக் கம்மியாப் போடு. கெஞ்சிக் கேக்கறேன். நல்லா போட்டுட்டா மறுபடியும் என்னைத் தூக்கி ஜீப்புல வெச்சிருவாங்க. அந்த வரவேற்புரையை ஏன் அப்படி எழுதினேன்னு நான் உன்னைக் கேக்கல. கேக்கவும் மாட்டேன். இது ஒண்ணை மட்டும் செய்."

வாத்தியாருக்கு முகம் சுண்டிவிட்டது. மதிப்பெண் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

தெர்மாகோல் மரம் மொட்டையாக நின்றது. இலைகளைப் பிய்த்து ஆளுக்கொரு வார்த்தை எழுதி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே இரைச்சல். ஒருத்தி குப்புறப் படுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் ஒரே புத்தகத்தை ஆளுக்கொரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். கோணம் பார்க்க ஒரு புத்தகம்கூட நிலையாக நிற்கவில்லை. தப்புத் தப்பாக, சத்தம் சத்தமாக, அத்தனை பேரும் படித்துக்கொண்டிருந்தார்கள். துறையின் விதிப்படி அந்த வகுப்புக்குச் சுழியம்கூட அதிகம். சகலை கேட்டுக்கொண்டதும் அதுதான். விதியும் வேண்டுகோளும் இப்படி ஒத்துப்போவது அபூர்வம்.

மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கதையைப் படித்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் பக்கத்தில் போய் நின்றார். அவர் நிழல் புத்தகத்தின் மேல் விழுந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை, புத்தகத்தை மட்டும் வெளிச்சத்துக்கு நகர்த்திக்கொண்டாள். ஒரு வார்த்தையில் தடுக்கியதும் தலையைத் தூக்கினாள். அப்பாவைத் தாண்டி, கூடத்தின் அந்தக் கோடிக்கு, "பெரியப்பா" என்று கூப்பிட்டாள்.

வாத்தியார் பேனாவை எடுத்தார். ஒவ்வொரு கட்டத்திலும் முழு மதிப்பெண் போட்டார். புத்தகம் பிடிக்கும் சாய்வு, அமைதி, மரம், குருவி எல்லாவற்றுக்கும் முழுசு. நிறுத்தி நிதானமாகக் கையெழுத்தும் போட்டார். அந்த வகுப்புக்கு நியாயமாகச் சேர வேண்டிய மதிப்பெண்தான் அது. ஆனால் அவர் நியாயத்துக்காகப் போடவில்லை. அந்தக் கூடத்திலிருந்து அந்த மனிதன் போய்விட வேண்டும், அதற்காகப் போட்டார். போய்விட்டால் மகள் வேறு யாரைக் கூப்பிடுவாள்?

உத்தரவு வந்தது. தண்டனையில் இருந்தபடியே ஒருவர் முழு மதிப்பெண் வாங்கியது துறை வரலாற்றில் நடந்ததில்லை என்று அதிகாரியம்மா நெகிழ்ந்துபோனார். இப்படிப்பட்டவரைச் சும்மா தூதராக்கினால் போதாது என்று தலைமை வாசிப்புத் தூதர் என்று ஒரு புதுப் பதவி உண்டாக்கினார்கள். பட்டை இப்போது தங்க நிறம். ஜீப்பில் முன்சீட்டு தலைமைத் தூதருக்கு. சாதாரணத் தூதர் பின்சீட்டில், தகரப் பெட்டிக்குப் பக்கத்தில்.

சகலை ஜீப்பில் ஏறினால் தான் இறங்கி வகுப்புக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்த வாத்தியார் இதை எதிர்பார்க்கவில்லை.

சகலை காலையில் ஏறி உட்காருவார், பள்ளிக்குப் பள்ளி இறங்குவார், நாடா வெட்டுவார். வழியில் தெரிகிற பலகைகளை உதட்டை அசைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டே வருவார். முன்சீட்டில் ஒருவர் துக்கத்தோடும் பின்சீட்டில் ஒருவர் வயிற்றெரிச்சலோடும் போக, வாசிப்புப் பேரியக்கம் ஊர் ஊராகப் பரவியது.

பள்ளியில் மூன்று வகுப்புக்கும் ஆள் இல்லை. பிள்ளைகள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், மணி அடித்ததும் போனார்கள். மகள் வீட்டில் கதை சொல்வதை நிறுத்திவிட்டாள். தவறு செய்துவிட்டோமோ என்று வாத்தியாருக்குத் தோன்ற ஆரம்பித்தது, ஆனால் சொல்ல ஆளில்லை. ஒருநாள் மனைவிதான் பேச்சை எடுத்தாள். மகளைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனாளாம். சலவைக் கடைப் பலகையைக் காட்டிப் படி என்றாளாம். பிள்ளை முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு ஏதோ ஒன்றை உளறிவிட்டு நடந்துவிட்டதாம்.

"மாமா இருந்திருந்தா இந்நேரம் தெருவையே படிச்சிருப்பா," என்றாள். "நீங்கதான் மார்க் போட்டீங்களாமே. அக்கா சொன்னா."

மறுநாள் வாத்தியார் பட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு அதிகாரியம்மாவிடம் போனார். தனக்குத் தண்டனை வேண்டும் என்று கேட்டார். வகுப்பறைக்கு அனுப்பிவிடச் சொன்னார். அவர் ஆச்சரியத்தோடு, என்ன தப்புச் செய்தீர்கள் என்று கேட்டார். வாத்தியார் எல்லாவற்றையும் சொன்னார். சகலை தடுக்கி விழட்டும் என்றே கடினமான தமிழில் எழுதிக் கொடுத்ததைச் சொன்னார். மகள் வேறொருவரைக் கூப்பிட்டதைப் பொறுக்க முடியாமல் மதிப்பெண்ணை வாரிக் கொடுத்ததைச் சொன்னார். அதிகாரியம்மா பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"புரியாம எழுதறது தப்புன்னா நம்ம துறை அனுப்பின எல்லாச் சுற்றறிக்கையும் தப்புதான். கேட்டதுக்கு மேல மார்க் போடறது தப்புன்னா இங்க யாருமே வேலையில இருக்க முடியாது. பொறாமைக்கு விதியில இடமே இல்ல. உங்க மேல நடவடிக்கை எடுக்க எனக்கு வழியே இல்லையே சார்."

பிள்ளைகளுக்காவது ஒரு ஆளை அனுப்புங்கள் என்று வாத்தியார் கெஞ்சினார். அதில் தனக்கும் அக்கறை உண்டு என்றார் அவர். இடம் காலியாகத்தான் இருக்கிறது, யாராவது ஒரு பெரிய தப்புச் செய்தால் உடனே அங்கே போட்டுவிடலாம் என்று உறுதியும் கொடுத்தார். வாத்தியாரை வாசல்வரை வந்து வழியனுப்பினார். சுருட்டிய பட்டையை அவரே பிரித்து, தோளில் நேராகப் போட்டுவிட்டார்.

அந்த வருஷம் துறையில் யாரும் தப்புச் செய்யவில்லை. அதனால் அந்த மூன்று வகுப்புகளுக்கும் ஆசிரியர் கிடைக்கவில்லை.